நீட் எழுதும் பிள்ளை கிரவுண்டுக்குப் போகலாமா?

பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த வாரமே வீடுகளில் ஒரு கழித்தல் கணக்கு ஆரம்பிக்கிறது. பாட்டு கிளாஸ் நிறுத்தம், கராத்தே நிறுத்தம், சிலம்பம் 'காலேஜ் போனதும் பார்த்துக்கலாம்'. மிச்சமாகும் நேரமெல்லாம் நீட்டுக்கு. உயிரியல் ட்யூஷன் எடுக்கிறவன் என்ற முறையில் வருஷா வருஷம் இதைப் பார்க்கிறேன். எனக்கு உடன்பாடு இல்லை.

நீட்டுக்கு உங்கள் பிள்ளை மிருதங்கம் வாசிப்பதெல்லாம் தெரியாது, உண்மைதான். 180 கேள்வி, 180 நிமிடம், 720 மதிப்பெண். சரியான விடைக்கு 4, தவறானால் 1 கழியும். நேர்காணல் கிடையாது. தமிழ்நாட்டில் விளையாட்டு வீரர்களுக்கென்று எம்பிபிஎஸ் இடங்கள் உண்டு, விரல் விட்டு எண்ணிவிடலாம். அதற்கும் நீட்டில் தகுதி பெற்றாக வேண்டும், பெரிய போட்டிகளில் ஜெயித்தவர்களோடு மோத வேண்டும். ஃபைல் நிறைய சான்றிதழ் சேர்க்கும் பெற்றோர்கள் அந்த ஃபைலை மூடிவைத்துவிடலாம்.

'விளையாடினால் மூளை சுறுசுறுப்பாகும், மார்க் ஏறும்' என்று வக்காலத்து வாங்குகிறவர்களோடும் எனக்குச் சின்னச் சண்டை உண்டு. மார்க் ஏறுவதற்காகத்தான் ஆட்டம் என்றால், ஒரு டெஸ்ட்டில் நாற்பது மார்க் இறங்கிய அன்றே பந்து பரணுக்குப் போய்விடும். பிள்ளைக்குப் பிடித்திருக்கிறது, ஒரு மணி நேரம் ஆடுகிறது. இந்தக் காரணம் போதாதா?

என்னிடம் படிக்கும் ஒரு பையன் வாலிபால் ஆடுகிறான். கிரவுண்டிலிருந்து நேராக வருவான், குழாயடியில் செம்மண் காலைக் கழுவிவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்காருவான். பக்கத்தில் இருப்பவன் மூக்கைப் பிடித்துக்கொள்வான், அது வேறு கதை. 'சார், நீங்க சொன்னா கேப்பான், கிரவுண்டை விடச் சொல்லுங்க' என்றார் அவன் அப்பா. அவனை உட்காரவைத்து ஒரு வாரத்து நேரத்தை எழுதச் சொன்னேன். விடியற்காலை ஃபிசிக்ஸ் ட்யூஷன், அப்புறம் பள்ளிக்கூடம், சாயங்காலம் நான், ஞாயிறு முழுக்க கோச்சிங் சென்டர். உயிரியலில் ஒரே பாடத்தை மூன்று இடத்தில் மூன்று பேர் நடத்துகிறோம். மத்திய அரசின் என்சிஇஆர்டி பாடப்புத்தகத்தை அவனே எடுத்து வரி வரியாகப் படிக்கத்தான் நேரம் இல்லை. உயிரியலுக்கு மட்டும் 360 மதிப்பெண், அதில் பெரும்பகுதி அந்த வரிகளுக்குள்தான் கிடக்கிறது. 'என் வகுப்பை வேண்டுமானால் நிறுத்துங்கள், கிரவுண்டு இருக்கட்டும்' என்றேன். அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

2024 ஜனவரியில் மத்திய அரசு கோச்சிங் சென்டர்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வகுப்பு கூடாது, வாரம் ஒரு நாள் விடுமுறை, விடுமுறைக்கு மறுநாள் டெஸ்ட் வைக்கக் கூடாது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது!

ஆனால் தினமும் ஆடுவது வேறு, போட்டிக்குப் போவது வேறு. குறுவட்டம், மாவட்டம் என்று கிளம்பினால் பஸ் பயணம், வெயிலில் காத்திருப்பு, தோற்றுவிட்டால் புத்தகத்தைத் தொடவே மனசு வராது. ப்ளஸ் ஒன்னில் போகட்டும். ப்ளஸ் டூ அரையாண்டுக்குப் பிறகு போட்டி வேண்டாம் என்று நானே கறாராகச் சொல்லிவிடுவேன். மார்ச்சில் பொதுத்தேர்வு, மே மாதம் நீட். நடுவில் மூச்சுவிட அந்த மாலை ஆட்டம் மட்டும் இருந்தால் சரி.

பரதம் படிக்கும் பெண்கள் வீட்டில் இன்னொரு கூத்து. பத்து வருஷமாக ஆடுகிறாள், ப்ளஸ் டூ முடிவதற்குள் அரங்கேற்றம் நடத்திவிட வேண்டுமாம். மாதக்கணக்கில் ஒத்திகை, நட்டுவாங்கம், பக்கவாத்தியத்துக்கு ஆள் பார்ப்பது, புடவை, பத்திரிகை. அந்தப் பெண் வர்ணம் ஆடி முடித்து, மூச்சு வாங்க வந்து கிரெப்ஸ் சுழற்சியை மனப்பாடம் செய்கிறாள். நீட் முடிந்து ரிசல்ட், கவுன்சலிங் என்று வரிசையாக வர வாரக்கணக்கில் ஆகும், பிள்ளைகள் வீட்டில் சும்மாதான் இருப்பார்கள். மண்டபத்தை ஜூனில் பிடியுங்கள். அதுவரை வாரம் இரண்டு நாள் வகுப்புக்குப் போய் ஆடிவிட்டு வரட்டும்.