மேலே மட்டும் விட்டுடலாம் சார்!

"வளைவை மட்டும் விட்டுடலாம் சார். மேல கொஞ்சம் வெளிச்சம்தானே, பார்க்க அழகா இருக்கும்."

ஜன்னலுக்குத் திரை போட அளவெடுக்க வந்த தம்பி சொன்னது இது. அழகா இருக்குமாம்! ராத்திரி முழுக்க அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்த்துவிட்டு விடியற்காலை நாலரைக்குப் படுக்கிறவனிடம் வந்து சொல்கிற பேச்சா இது? மே மாதம் சென்னையில் ஐந்தே முக்கால் வாக்கில் சூரியன் எழுந்துவிடும். என் படுக்கையறை ஜன்னல் கிழக்கு பார்த்தது. கீழே நாலடி அகலத்தில் மூன்றடி உயரச் செவ்வகக் கண்ணாடி, அதன் தலையில் இரண்டடி உயரத்துக்கு ஓர் அரைவட்டம். வெயில் எந்த வழியாக வந்து என் மூஞ்சியில் அடிக்கிறது என்று நினைக்கிறீர்கள்? கீழ்க் கண்ணாடிக்கு எதிர் பிளாக்கின் தண்ணீர்த் தொட்டி நிழல் இருக்கிறது. அரைவட்டம் மட்டும்தான் வானத்தைப் பார்த்துத் திறந்து கிடக்கிறது. அதைத்தான் 'விட்டுடலாம்' என்கிறார்.

அந்தத் தம்பியைப் பற்றி முழுசாகச் சொல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். காலை பத்து மணிக்கு, அதாவது எனக்கு நடுராத்திரியில், காலிங் பெல். கையில் டேப், தோளில் தலையணை கனத்துக்குத் துணி கேட்லாக். உள்ளே வந்தார், ஜன்னலை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். "ஆர்ச் ஜன்னலா சார்?" என்றார். இல்லை தம்பி, நேற்று வரைக்கும் சதுரமாகத்தான் இருந்தது, நீங்கள் வருகிறீர்கள் என்று வளைந்துகொண்டது.

அகலம் அளந்தார். நாலடி. உயரம் அளந்தார். ஐந்தடி. "இருபது ஸ்கொயர் ஃபீட் சார்" என்று எழுதிக்கொண்டார். தம்பி, மேலே அரைவட்டம் என்றேன். "கம்பெனில சதுரமாத்தான் சார் கணக்கு." சரி, பள்ளிக்கூடக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். இரண்டடி ஆரமுள்ள அரைவட்டம் 6.28 சதுர அடி, கீழே 12, ஆக மொத்தமே பதினெட்டேகால் சொச்சம்தான். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கரெக்ட்தான் சார், ஆனா இருபதுதான் பில் வரும்" என்றார். அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அடுத்துத்தான் வளைவை விட்டுடலாம் என்ற யோசனையே வந்தது. அப்படியானால் பன்னிரண்டுக்குத்தானே பில் என்றேன். "இல்ல சார், ஜன்னல் சைஸ் இருபதுதானே."

மூடாத இடத்துக்கும் சதுர அடிக்குக் காசு. இல்லாத மூலைகளுக்கும் காசு. வானத்துக்கும் சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்களேன்!

சரி, வளைவுக்கு மேலேயிருந்தே சுருட்டி ஏற்றுகிற ஒரு ரோலர் பிளைண்டைத் தொங்கவிட்டுவிடலாமே என்று யாராவது சொல்வீர்கள். சொல்லாதீர்கள். வளைவின் உச்சிக்கும் லாஃப்ட்டுக்கும் நடுவில் இரண்டு இஞ்ச்தான் இருக்கிறது. ரோலரைச் சுற்றிவைத்தால் அந்த உருளையே அதைவிடப் பருமன். லாஃப்ட்டின் அடியில் திரை ஓடுகிற சேனல் அடித்து ஸ்கிரீன் போடலாம் என்றால், லாஃப்ட் கடப்பா கல். "டிரில் போட்டா விரிசல் விடும் சார், அப்புறம் எங்களச் சொல்லக்கூடாது." சுவரில் கம்பி மாட்டலாம் என்றால் இடது பக்கம் சுவர் முடிந்துவிடுகிறது, வலது பக்கம் பீரோ கதவு திறக்கும்போது கம்பியை இடிக்கிறது. பிரேமுக்குள்ளேயே ஒட்டலாம் என்றால் அங்கே ஏற்கெனவே கொசுவலையின் வெல்க்ரோ குடியிருக்கிறது. கொசுவா சூரியனா, ஒருவரைத் தேர்ந்தெடு என்கிறது ஜன்னல்.

ரெடிமேட் திரை விற்கும் கடைக்காரர்களோ அதற்கும் மேலே. ஜன்னலுக்கு ஐந்தடி, கதவுக்கு ஏழடி, பெரிய கதவுக்கு ஒன்பதடி. உலகம் இந்த மூன்று சைஸில் படைக்கப்பட்டது என்பது அவர்கள் மதம். கேட்லாக்கில் துணிப்பட்டையும் வலைப்பட்டையும் மாறி மாறி வருகிற ஜீப்ரா பிளைண்டைப் பிரித்துக் காட்டினார் தம்பி. சாத்தினாலும் கோடு கோடாக வெளிச்சம் கசியும். 'நூறு சதவீதம் பிளாக்அவுட்' என்று இன்னொன்று. துணி வழியாக வராது, ஒப்புக்கொள்கிறேன். இரண்டு பக்கத்து இடுக்கு வழியாக வருகிறதே, அது எத்தனை சதவீதம்?

இந்த வளைவு எதற்கு என்பதுதான் எனக்குப் புரியவே இல்லை. 1892-இல் கட்டி முடித்த உயர் நீதிமன்றத்தில் வளைவு இருக்கிறது, 1908-இல் திறந்த எழும்பூர் ரயில் நிலையத்தில் இருக்கிறது. செங்கல் சுவரில் திறப்பு விட்டால் மேலே உள்ள பாரத்தை வளைவுதான் இரண்டு பக்கமும் இறக்கும். அதற்கு வேலை இருந்தது. அங்கே சுவரும் தடிமன், முன்னால் தாழ்வாரமும் உண்டு, வெயில் நேராக உள்ளே வராது. என் ஃபிளாட்டில் பாரம் தாங்குவது கான்கிரீட் தூணும் பீமும். இந்த வளைவு எதையும் தாங்கவில்லை, என் தூக்கத்தின் சாபத்தைத் தவிர.

பில்டரிடம் கேட்டதற்கு ஒரே வார்த்தை: "எலிவேஷன் சார்." முகப்புத் தோற்றமாம். ரோட்டில் போகிறவன் அண்ணாந்து பார்த்து 'அட' என்று சொல்ல வேண்டும். அவன் அரை நொடி பார்ப்பதற்காக நான் ஆயுசுக்கும் முழித்துக்கொண்டிருக்க வேண்டும். ஊரில் எங்கள் தாத்தா வீட்டில் நாலு கதவு மர ஜன்னல். மேல் இரண்டைச் சாத்தினால் பகல் பன்னிரண்டுக்கும் இருட்டு. காற்று வேண்டுமா, கீழ் இரண்டைத் திறந்துகொள். அதை வரைந்த தச்சருக்கு எலிவேஷன் தெரியாது, மனிதன் தூங்குவான் என்பது தெரிந்திருந்தது.

கடைசியில் அம்மாதான் ஸ்டூலைப் போட்டு ஏறி, மைதா பசை காய்ச்சி, பழைய தினசரித் தாளை அரைவட்டத்தில் ஒட்டினார். அருமையான இருட்டு. அன்று மத்தியானம் வரைக்கும் செத்தவன் மாதிரி தூங்கினேன். சாயங்காலமே அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் என் ஜன்னலின் போட்டோ: 'வெளியிலிருந்து தெரியும்படி பேப்பர் ஒட்டுவது கட்டடத்தின் தோற்றத்தைக் கெடுக்கிறது. உடனே அகற்றவும்.' கீழே பதினாறு கட்டை விரல்.

படித்ததும் சிரிப்புத்தான் வந்தது. அம்மா பயந்துபோய் எட்டிப் பார்த்தார்.

கட்டடத்தின் தோற்றத்தில் இவ்வளவு அக்கறை உள்ள பெரியவர்களே, அந்த லிஃப்டுக்குள் இருக்கும் ஃபேன் போன கோடையிலிருந்து சுற்றவில்லையே, அது உங்கள் கண்ணில் படவே இல்லையா? படாது. ரோட்டிலிருந்து தெரியாதல்லவா. மெயின்டனன்ஸ் மட்டும் ஒன்றாம் தேதி டாண் என்று கேட்கத் தெரிகிறது. அதுவும் சதுர அடிக் கணக்கில்!