எல்லாம் வீடுதானாம்

மகளின் ஆங்கிலக் கொப்பியைத் திறந்தாலே எனக்கு ஆத்திரம் வருகிறது. ‘ஹவுஸ்’ என்ற சொல்லுக்கு ஒத்த கருத்துச் சொற்களாம்: ஹோம், ரெசிடன்ஸ், ட்வெல்லிங், பங்களோ, குவார்ட்டர்ஸ். எல்லாம் ஒன்றுதான், பாடமாக்கு என்று டியூஷனில் சொல்லிவிட்டார்கள்.

எப்படி ஒன்றாகும்? ஹவுஸ் என்பது கட்டடம். ஹோம் என்பது வேலை முடிந்து நாம் திரும்பிப் போகிற இடம். ‘கோ ஹோம்’ என்று சொல்லும்போது நடுவில் ‘டு’ கூட வராது. ரெசிடன்ஸ், படிவத்தில் நிரப்புகிற சொல். பிள்ளை ‘ஐ ஆம் கோயிங் டு மை ரெசிடன்ஸ்’ என்று எழுதியிருக்கிறாள். அதற்குச் சரியும் போட்டிருக்கிறார்கள்!

அதுவும் இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்கா இந்தப் பாடம்? இங்கே தோட்டத்தை நடத்துகிற துரை இருப்பது பங்களா. கிளார்க் ஐயா இருப்பது குவார்ட்டர்ஸ். நாங்கள் இருப்பது லயம். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒட்டிக் கட்டிய காம்பராக்கள், அதாவது அறைகள், முன்னால் சின்ன இஸ்தோப்பு என்கிற திண்ணை, பக்கத்துக் காம்பராவில் இருமினால் இங்கே கேட்கும். இங்கிலாந்தில் பங்களோ என்றால் மாடியில்லாத வீடு, அவ்வளவுதான். எங்கள் தாத்தாவோ பங்களா வாசலில் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டுதான் நிற்பார். இந்த வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைக்கு ஒரே நாளில் பிடிபடுமே.

அப்புறம் இன்னொன்று. மகள் தானாகவே பட்டியலின் கடைசியில் எங்கள் லயத்துக் காம்பராவையும் ‘லைன் ரூம்’ என்று சேர்த்திருந்தாள். அதை மட்டும் சிவப்புப் பேனாவால் வெட்டியிருக்கிறார்கள். ஏன் என்று நாளைக்கு நேரே போய்க் கேட்கத்தான் போகிறேன்.