இலவசம் என்று எழுதியவன் யார், அலைகிறவன் யார்?

ஆஃபர் விளம்பரத்தில் 'இலவசம்' என்பது முழங்கை நீளத்துக்கு இருக்கும். அதன் தலையில் கொசு உட்கார்ந்த மாதிரி ஒரு நட்சத்திரக் குறி. பக்கத்தின் அடியில் தேடினால், கண்ணுக்கே தெரியாத எழுத்தில் 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது'. போன ஆடித் தள்ளுபடியில் ஒரு கடையில் மிக்ஸி வாங்கினால் குக்கர் இலவசம் என்றார்கள். பில் போட்டு, பணமும் கட்டிய பிறகு, "சார், அது இந்த மாடலுக்கு இல்லை." மாடல் பெயரை விளம்பரத்தில் போட்டால் மை தீர்ந்துபோகுமா? நான் குரலை உயர்த்தியதும் வரிசையில் நின்றவர்கள், குக்கருக்கு அலைகிறான் என்பதுபோல என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது அங்கேதான். தருகிறேன் என்று சொன்னது அவன், அவமானப்பட்டு நிற்பது நான்.

பெரிய கம்பெனிகள் இதையே ஒரு நாடு முழுக்கச் செய்திருக்கின்றன. 1992, பிலிப்பைன்ஸ். பெப்சி 'நம்பர் ஃபீவர்' என்று ஒரு போட்டி நடத்தியது. பாட்டில் மூடிக்குள் மூன்று இலக்க எண் இருக்கும். பரிசு எண்ணை ராத்திரி டிவி செய்தியில் சொல்வார்கள். பெரிய பரிசு 10 லட்சம் பெசோ, அன்றைய மதிப்பில் சுமார் 40,000 டாலர். அங்கே ஒரு தொழிலாளி வாழ்நாள் முழுக்க உழைத்தாலும் மொத்தமாகக் கண்ணால் பார்க்க முடியாத பணம். மே 25 ராத்திரி அறிவித்த எண் 349.

இந்த எண்ணில் பெரிய பரிசுக்கு உரியவை இரண்டே மூடிகள் என்பதுதான் கம்பெனியின் திட்டம். ஆனால் அதே 349, பரிசில்லாத எண்ணாக சுமார் 8 லட்சம் மூடிகளில் ஏற்கெனவே அச்சாகிக் கடைகளுக்குப் போயிருந்தது. அன்று ராத்திரி எத்தனை வீடுகளில் கடனை அடைத்து, கூரையை மாற்றி, பிள்ளையைக் காலேஜில் சேர்த்து முடித்திருப்பார்கள்! மறுநாள் மூடியோடு போனவர்களுக்குக் கிடைத்த பதில்: கம்ப்யூட்டர் கோளாறு, உங்கள் மூடியில் பாதுகாப்புக் குறியீடு சரியில்லை.

விதிமுறையில் அந்தக் குறியீடு பற்றி எழுதியிருந்ததாம். இருக்கட்டும். ஊரறிய டிவியில் சொன்னது எண்ணைத்தானே?

எல்லோருக்கும் 10 லட்சம் கொடுத்தால் கம்பெனியே மிஞ்சாது, அது எனக்கும் புரிகிறது. கோபம் அதற்கல்ல. தப்பு முழுக்கத் தன்னுடையது என்று தெரிந்தும், ஆளுக்கு 500 பெசோ 'நல்லெண்ணத் தொகை' என்று நீட்டினார்களே, அந்தப் பெயருக்குத்தான் கோபம். நல்லெண்ணமாம்! பிச்சை போடுகிறவன் பேச்சு அது. 4,86,000 பேருக்கு மேல் அதை வாங்கிக்கொண்டார்கள், வேறு என்ன செய்வார்கள்? அதற்கே 24 கோடி பெசோ ஆனது. வாங்க மறுத்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். பெப்சி லாரிகள் எரிந்தன, குண்டுவீச்சில் உயிர்களும் போயின. சுமார் 22,000 பேர் சட்டப்படி மோதிப் பார்த்தார்கள். கடைசியில் 2006-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் கம்பெனி பணம் தர வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டது. பதினான்கு வருஷம் மூடியைப் பத்திரப்படுத்தியதுதான் மிச்சம்.

இதைச் சொன்னால் உடனே ஒருவர் வருவார்: "மக்களுக்குப் பேராசை சார்." ஐயா, ஆசையைக் கிளப்பிவிடத்தானே கோடிக்கணக்கில் செலவு செய்து விளம்பரம் எடுக்கிறார்கள்? கிளம்பாவிட்டால் அந்த விளம்பர ஏஜென்சியை வேலையைவிட்டுத் தூக்கிவிடுவார்கள். கிளம்பினால் மட்டும் அது நம் பேராசை!

அதே வருஷம் பிரிட்டனில் ஹூவர் என்ற வேக்குவம் கிளீனர் கம்பெனி செய்த கூத்தைப் பாருங்கள். 100 பவுண்டுக்குப் பொருள் வாங்கினால் அமெரிக்கா போய்வர இரண்டு விமான டிக்கெட் இலவசம். டிக்கெட் விலையே அதைப்போலப் பல மடங்கு. நிறையப் பேர் படிவங்களை நிரப்பச் சலித்து விட்டுவிடுவார்கள் என்பதுதான் உள்கணக்கு. அதாவது, நாம் களைத்துப்போவோம் என்று நம்பித்தான் திட்டமே போட்டிருக்கிறார்கள். ஜனங்கள் களைக்கவில்லை. பறப்பதற்காகவே தேவையில்லாத வேக்குவம் கிளீனரை வாங்கினார்கள். கம்பெனி, கேட்ட தேதியைக் கொடுக்காமல் வேறு தேதியையும், தூரத்து விமான நிலையத்தையும் தள்ளிவிட்டு இழுத்தடித்தது. அப்படியும் சுமார் 2,20,000 பேர் பறந்தார்கள். செலவு 5 கோடி பவுண்டை ஒட்டி வந்தது. தாய்க் கம்பெனியான மேடாக், 1995-ல் ஹூவரின் ஐரோப்பியப் பிரிவை இத்தாலியின் கேண்டி கம்பெனிக்கு நஷ்டத்தில் விற்றது. டிக்கெட் கிடைக்காதவர்கள் சும்மா இருக்கவில்லை. சங்கமாகச் சேர்ந்து 1998 வரை கோர்ட்டுக்கு இழுத்தார்கள். நல்லா இழுத்தீர்கள்!