மேப் சொன்ன நாலு மணி நேரம்

(சிங்கப்பூர், ஈசூனில் ஓர் அடுக்குமாடி கார்பார்க், இரவு ஒன்பது மணி. ஸ்கூல் பஸ் ஓட்டும் மல்லிகா, தம்பி குமார் புதிதாக வாங்கிய பழைய காரைச் சுற்றி வருகிறார். குமார் கையில் போன், போனில் மலேசியாவின் கே.எல். (கோலாலம்பூர்) போகும் வழிக்கான மேப்.)

குமார்: பாருக்கா, கே.எல். வரைக்கும் நாலு மணி பத்து நிமிஷம்தான் காட்டுது. நிச்சயதார்த்தம் சாயங்காலம் நாலு மணிக்கு. காலைல பதினொண்ணரைக்குக் கிளம்பினா மூணு நாப்பதுக்கு பிரிக்ஃபீல்ட்ஸ். வேட்டி மாத்த இருபது நிமிஷம்.

மல்லிகா: என்ன கிழமை?

குமார்: சனிக்கிழமை. ஜூன் லீவுல முதல் சனி.

மல்லிகா: ஸ்கூல் லீவு, சனிக்கிழமை, பதினொண்ணரை மணி. நிச்சயதார்த்தம் முடிஞ்சு பந்தி எடுக்கும்போது நீ இன்னும் கஸ்டம்ல நிப்ப.

குமார்: மேப்புல சிவப்பே இல்லையே!

மல்லிகா: ராத்திரி ஒன்பது மணிக்குப் பார்த்தா எப்படி இருக்கும்? ரோடு ஒண்ணுமே இல்லடா. முந்நூத்தம்பது கிலோமீட்டர், நேர் ரோடு. ரெண்டு நாட்டு கவுன்ட்டர்தான் பயணம். லீவு நாள்ல அதுக்கு மட்டும் ரெண்டு மூணு மணி நேரம் ஒதுக்கு. காலைல நாலரைக்கு வண்டி கிளம்பணும்.

குமார்: நாலரைக்கா? மாமியார் அப்பதான் தலைக்கு எண்ணெயே வைப்பாங்க.

மல்லிகா: கார்லயே வச்சுக்கட்டும். சரி, எந்த வழி?

குமார்: உட்லண்ட்ஸ். பத்து கிலோமீட்டர்தானே, கைக்கு எட்டுற தூரம்.

மல்லிகா: கடற்பாலத்தைத் தாண்டினா ஜோகூர் பாரு டவுன் நெரிசல்ல போய் விழுவ. துவாஸ் வழியா போ. இங்கேருந்து முப்பத்தஞ்சு கிலோமீட்டர் சுத்துதான், ஆனா அந்தப் பக்கம் இறங்கினா செகண்ட் லிங்க் நெடுஞ்சாலை டவுனையே தொடாம செனாய் பக்கத்துல வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில சேர்த்துவிடும். கிளம்புறதுக்கு முன்னாடி நிலப் போக்குவரத்து ஆணையத்தோட கேமரா படத்துல ரெண்டு செக்பாயின்ட்டையும் பார்த்துரு. (முன்கண்ணாடியைத் தட்டுகிறார்.) இது என்ன?

குமார்: (பெருமையாக) வி.இ.பி. ஸ்டிக்கர், வெளிநாட்டு வண்டி மலேசியாவுக்குள்ள போற அனுமதி. பழைய ஓனர் ஒட்டி வச்சுட்டே குடுத்தார். ஒரு செலவு மிச்சம்.

மல்லிகா: என்ன செலவு? பத்து ரிங்கிட். அதை மிச்சம் பிடிச்சு முந்நூறு ரிங்கிட் அபராதம் கட்டப் போற.

குமார்: ஒட்டியிருக்கே அக்கா!

மல்லிகா: ஒட்டியிருக்கு, அவர் பேர்ல. அந்த டேக் ஓனர் பேரோடயும் வண்டி நம்பரோடயும் கட்டுப்பட்டது. கார் கை மாறினா அவர் தன் பதிவை ரத்து பண்ணணும், நீ புதுசா விண்ணப்பிக்கணும். 2025 ஜூலை 1-லேருந்து பிடிச்சா அபராதம்தான், அதைக் கட்டாம வெளிய வரவும் முடியாது. இன்னிக்கே அவருக்குப் போன் போடு. புது டேக் வந்ததும் ஒட்டினா மட்டும் போதாது, ஆக்டிவேட் பண்ணணும். பாதிப் பேர் அதை விட்டுட்டுத்தான் மாட்டுறாங்க. பண்ணிட்டா அஞ்சு வருஷத்துக்குக் கவலையில்லை.

குமார்: அப்புறம் ஃப்ரீயா போய் வரலாமா?

மல்லிகா: ஒவ்வொரு தடவை உள்ள நுழையறப்பவும் ரோடு சார்ஜ் இருபது ரிங்கிட். டோல் தனி. டச் அண்ட் கோ கார்டு இருக்கா?

குமார்: இருக்கு. ரெண்டு இருக்கு. ஒண்ணுல எட்டு ரிங்கிட், ஒண்ணுல பன்னெண்டு. மாத்தி மாத்தித் தட்டலாம்.

மல்லிகா: (கண்ணை மூடி) மாத்தி மாத்தியா? அங்க தூரக் கணக்கு டோல். ஏறும்போது ஒரு தட்டு, கே.எல். வாசல்ல சுங்கை பெசியில இறங்கும்போது இன்னொரு தட்டு. அதே கார்டு. வேற கார்டைத் தட்டினா நீ எங்க ஏறினன்னே அதுக்குத் தெரியாது. கட்டை தூக்காது. பின்னாடி பத்து கார் ஹாரன் அடிக்கும், மாமனார் இறங்கிப் போய்ப் பேசுறேன்பார். ஒரே கார்டுல நூறு ரிங்கிட்டுக்குக் குறையாம போட்டுக்க. பழைய கார்டா இருந்தா காலாவதி ஆயிருக்கான்னும் பாரு.

குமார்: பெட்ரோல் அங்க போய் அடிச்சுக்கலாம்ல? நம்ம ஊர் விலைல பாதி கூட வராது. இங்கேருந்து கொஞ்சமா வச்சுக்கிட்டு...

மல்லிகா: எவ்வளவு கொஞ்சம்?

குமார்: அரை டேங்க்.

மல்லிகா: முக்கால் டேங்க் இல்லாம சிங்கப்பூர் வண்டி வெளிய போகக் கூடாது. அபராதம் ஐந்நூறு வெள்ளி வரைக்கும், வண்டியையும் திருப்பி அனுப்புவாங்க. 1991-லேருந்து இருக்கிற சட்டம், உனக்கு மட்டும் நியூஸ் வரல.

குமார்: சரி, இங்கயே முக்கால் அடிச்சிடறேன்.

மல்லிகா: இங்க முக்கால் அடிச்சா துவாஸ் போறதுக்குள்ள ரெண்டரை லிட்டர் குடிச்சிடும், முள்ளு கோட்டுக்குக் கீழ நிக்கும். அதிகாரி உன் ரசீதையா பார்ப்பார்? முள்ளைத்தான் பார்ப்பார். முழு டேங்க் அடி. உன் டேங்க் அம்பது லிட்டர், லிட்டருக்குப் பதினாலு ஓடினாலும் கே.எல்.க்கு இருபத்தஞ்சு லிட்டர்தான். போற வழியில பெட்ரோல் பேச்சே வேணாம், திரும்பும்போது ஊத்திக்க. மஞ்சள் குழாய் பக்கம் போகாத, அது ரான் 95. வெளிநாட்டு வண்டிக்கு அதைப் போடக் கூடாது. ரான் 97 மட்டும்.

(போனில் டார்ச்சைப் போட்டு முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்துகிறார்.)

மல்லிகா: இங்க வா, குனி. ஓரத்துல முட்டை வடிவக் கட்டத்துக்குள்ள நாலு நம்பர் இருக்கே, படி.

குமார்: ஒண்ணு நாலு ஒண்ணு எட்டு. டயர் சைஸா?

மல்லிகா: பிறந்த தேதி. 2018-ல பதினாலாவது வாரம் செஞ்ச டயர்.

குமார்: ஆனா டயர் மேல இருக்கிற கட்டை நல்லா உயரமா இருக்கே. நாலு மில்லிமீட்டர் இருக்கும். சட்டத்துக்கு 1.6 போதும்.

மல்லிகா: நகத்தை வச்சு ஓரத்துல அழுத்து. முடி மாதிரி வெடிப்பு தெரியுதா? ரப்பர் காஞ்சு போச்சு. சிங்கப்பூர்ல இது தொண்ணூறைத் தாண்டினதில்ல, அதுவும் இருபது நிமிஷத்துல ஆபீஸ் வந்துடும். அங்க நூத்திப்பத்துல மூணு மணி நேரம் நிக்காம சுத்தும். சூடு ஏறி ஏறித்தான் வெடிக்கும். நாலையும் மாத்து.

குமார்: நாலுமா? முன்னாடி ரெண்டு மட்டும்...

மல்லிகா: பின்டயர் வெடிச்சா வண்டி திரும்பி எதிர்ப்பக்கம் பார்க்கும். நாலும்.

குமார்: (மெதுவாக) நிச்சயதார்த்த மொய்யை விட இது ஜாஸ்தியா இருக்கே.

மல்லிகா: டிரைவர் கதவைத் திற. கதவை ஒட்டின கார் தூண்ல இருக்கிற ஸ்டிக்கர்ல ரெண்டு வரிசை இருக்கும். ரெண்டு பேர் போனா டயர்ல காத்து 220 கிலோபாஸ்கல், ஆளும் சாமானும் நிறைஞ்சா 250. உன் வண்டிக்கு அந்தக் கணக்கு. மொத்தம் எத்தனை பேர்?

குமார்: நான், அவ, பையன், மாமனார், மாமியார். சாமான் ஒண்ணும் பெரிசா இல்ல. மூணு டின் முறுக்கு, ஒரு டின் அதிரசம், பித்தளைக் குத்துவிளக்கு...

மல்லிகா: குத்துவிளக்கு!

குமார்: ஜோடி.

மல்லிகா: அப்ப 250. காத்து குறைஞ்சா பக்கச்சுவர் ஒவ்வொரு சுத்துக்கும் மடிஞ்சு மடிஞ்சு சூடாகும். காலைல வண்டி எடுத்ததும் பக்கத்து பெட்ரோல் ஸ்டேஷன்லயே பார்த்துரு. இருபது கிலோமீட்டர் ஓட்டிட்டுப் பார்த்தா சூட்டுல அளவு கூடுதலா காட்டும், நீயும் காத்தை இறக்கிடுவ. பின்னாடி சாமான் வைக்கிற பூட் கதவைத் திற. ஸ்டெப்னி?

குமார்: (தரையைத் தூக்கிப் பார்த்து) காணோம் அக்கா! திருட்டுப் போச்சு!

மல்லிகா: கம்பெனியே குடுக்கல. அந்த பாட்டிலும் குட்டி பம்பும்தான் உனக்கு ஸ்டெப்னி. ஆணி குத்தின ஓட்டையை அந்த மருந்து அடைக்கும், பக்கச்சுவர் கிழிஞ்சா அடைக்காது. பாட்டில்ல தேதி பாரு.

குமார்: போன வருஷத்தோட முடிஞ்சிருக்கு.

மல்லிகா: வாங்கு. அதை முறுக்கு டின்னுக்கு அடியில வைக்காத.

குமார்: வழியில நின்னுட்டா?

மல்லிகா: ஹசார்டு போட்டு இடது ஓரம் ஒதுங்கு. எல்லாரும் இடது பக்கக் கதவு வழியா இறங்கி கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிக்கணும். மாமியார் ஏசிக்காக உள்ள உக்காரக் கூடாது. அவசரத் தடத்துல நிக்கிற கார் மேலதான் லாரி ஏறுது. நெடுஞ்சாலையை நடத்துற பிளஸ் கம்பெனியோட உதவி எண் 1800-88-0000, கிலோமீட்டர் கல்லுல இருக்கிற நம்பரைச் சொன்னா ஆள் வரும். நீ கூப்பிடாம ஒரு இழுவை லாரி தானா வந்து கொக்கி மாட்டும், அவன்கிட்ட சாவியைக் குடுக்காத. இன்ஷூரன்சுக்கு முன்னாடியே போன் பண்ணி மலேசியாவுல இழுக்கிற செலவு எவ்வளவு வரை தருவாங்கன்னு கேட்டு வை.

குமார்: மழை வந்தா ஹசார்டு போட்டுக்கிட்டே மெதுவா போறேன்.

மல்லிகா: ஓடுற வண்டில எதுக்கு ஹசார்டு? நீ தடம் மாறுறது பின்னாடி வர்றவனுக்குத் தெரியாமப் போகும். வேகத்தை எண்பதுக்குக் குறை, முன்விளக்கைப் போடு, இடது தடத்துலயே போ. ஜோகூர்ல பல இடத்துல ரெண்டு தடம்தான். லாரியைத் தாண்டினதும் இடது பக்கம் வந்துரு. வலதுலயே தொண்ணூறுல குந்தியிருந்தா பின்னாடி ஒருத்தன் லைட்டை அடிச்சு அடிச்சு உன் மாமனாருக்குக் கண் ஆபரேஷனே பண்ணிடுவான்.

குமார்: அவருக்கு மணிக்கொரு தடவை ஒண்ணுக்கு வேற.

மல்லிகா: அதுக்குத்தான் ஆர் அண்ட் ஆர், நெடுஞ்சாலை ஓய்விடம். மாச்சாப்புல காலைச் சாப்பாடு, அப்புறம் பகோ, ஆயர் குரோ, சிரம்பான். ஆயர் குரோவுல கடைங்க ரோட்டுக்கு மேல பாலத்துலயே இருக்கும், பையன் கீழ ஓடுற வண்டியை எண்ணிக்கிட்டிருப்பான். லீவு நாள்ல மாச்சாப் உள்ளயே வரிசை நிக்கும். அப்படி இருந்தா மொதல்ல அவரை இறக்கிவிட்டுட்டுப் பார்க்கிங் தேடு. (சட்டென்று) அவங்க ரெண்டு பேரும் ஊர்லேருந்து வந்தவங்கதானே? இந்தியப் பாஸ்போர்ட்டா?

குமார்: கும்பகோணம். விசிட்ல இருக்காங்க.

மல்லிகா: இதைத்தான் நீ மொதல்ல சொல்லியிருக்கணும்! மலேசியா விசா இல்லாம முப்பது நாள் விடுது, அந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரைக்கும். ஆனா எம்.டி.ஏ.சி., அதான் மலேசியா வருகை அட்டை, ஆன்லைன்ல போடணும், உள்ள போறதுக்கு முன்னாடி மூணு நாளுக்குள்ள. சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு அது வேணாம், அதனால நம்மாளுங்களுக்கு ஞாபகமே வராது. அவங்க சிங்கப்பூர் விசா ஒரு தடவை நுழையறதா, பல தடவையா?

குமார்: (முகம் மலர்ந்து) ஒரு தடவைன்னா... திரும்பி வர முடியாதா?

மல்லிகா: சிரிக்காத. உன் பொண்டாட்டியும் அங்கேயே தங்கிடுவா, பையனை ஸ்கூலுக்கு நீ தனியா கூட்டிட்டுப் போவ.

குமார்: (அவசரமாக) பார்க்கிறேன், பார்க்கிறேன்.

மல்லிகா: திரும்பும்போது அவங்களுக்கு சிங்கப்பூர் வருகை அட்டையும் புதுசா போடணும். உங்களுக்குத் தரை வழியில வர்றப்ப அது வேணாம். மை ஐ.சி.ஏ. ஆப்ல அஞ்சு பேருக்கும் ஒரே கியூஆர் எடுத்துக்க, பத்து பேர் வரைக்கும் சேர்க்கலாம். அது சிங்கப்பூர் கவுன்ட்டருக்குத்தான். அந்தப் பக்கம் என்ன ஆப் வந்தாலும் பாஸ்போர்ட்டைக் கையில வச்சுரு.

குமார்: பத்திரமா பெரிய பெட்டியில...

மல்லிகா: பெட்டி எங்க?

குமார்: பூட்ல. குத்துவிளக்குக்கு அடியில.

மல்லிகா: குமார்.

குமார்: முன்சீட்ல, மாமனார் மடியில.

மல்லிகா: பையன் 1.35 மீட்டருக்குக் கீழதானே, பூஸ்டர் சீட்டை மறக்காத. நடுவுல அதை வச்சா மாமியாருக்கு இடம் பத்தாது, ஒரு ஓரமா மாட்டு. வர்றப்ப சுவிங்கம், வேப், சிகரெட் எதுவும் வேணாம். மலேசியாவுலேருந்து வந்தா மதுவுக்கும் வரிச் சலுகை கிடையாது, மாமனார்கிட்ட தனியா சொல்லு. நாப்பத்தெட்டு மணி நேரத்துக்குள்ள திரும்பினா நூறு வெள்ளி வரைக்கும் சாமானுக்கு ஜி.எஸ்.டி. இல்ல, தாண்டினா ஐந்நூறு. மாமியார் கே.எல். மஸ்ஜித் இந்தியாவுல புடவைக் கடை பக்கம் போவாங்களா?

குமார்: நிச்சயதார்த்தமே அதுக்கு அப்புறம்தான்.

மல்லிகா: அப்ப ரசீது எல்லாம் எடுத்து வை. எப்ப திரும்புற?

குமார்: ஞாயித்துக்கிழமை சாயங்காலம். மதியச் சாப்பாட்டை முடிச்சுட்டு ரெண்டு மணிக்கு.

மல்லிகா: அந்த நேரத்துல போன எல்லாரும் ஒண்ணாத்தான் திரும்புவாங்க. ஒண்ணு விடியறதுக்கு முன்னாடி கிளம்பு, இல்ல திங்கட்கிழமை சாவகாசமா வா.

குமார்: திங்கள் லீவா? மேனேஜர்கிட்ட என்ன சொல்ல?

மல்லிகா: கஸ்டம்ல மாட்டிக்கிட்டேன்னு சொல்லு. நீ வீட்ல படுத்துக்கிட்டு சொன்னாலும் நம்புவார்.