தலைமை ஆசிரியருக்கு எழுத்தர் கொடுங்கள்

ஆசிரியர் பயிற்சியைக் கூட்டினாலே தொடக்கப் பள்ளிகளின் தரம் உயர்ந்துவிடும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரி, பயிற்சி வேண்டும்தான். ஏற்காட்டு மலைக் கிராமப் பள்ளி ஒன்றின் மேலாண்மைக் குழுவில் இருக்கும் தாய் நான். அது மட்டும் போதாது என்பேன்.

தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் கைவர 2022-23இல் தமிழக அரசு கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லித் தருகிறார்கள். நல்ல ஏற்பாடு. மூன்றாம் வகுப்பில் என் மகள் 42இல் 17 போக 35 என்று எழுதினாள். டீச்சர் வெறுமனே தப்புப் போட்டு நகரவில்லை. எப்படிக் கழித்தாய் என்று கேட்டார். ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறாள். ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டிக் கொடுத்து, ஒரு கட்டை அவிழ்க்கச் சொன்னார். உடனே பிடிபட்டுவிட்டது. மதிப்பீடு என்றால் எனக்கு இதுதான். மதிப்பெண்ணைச் செயலியில் ஏற்றிவிட்டால் மதிப்பீடு முடிந்ததாகாது.

இதற்கு நேரம் வேண்டுமே! ஈராசிரியர் பள்ளியில் தலைமை ஆசிரியர்தான் பாடமும் நடத்துகிறார், பள்ளி, மாணவர் விவரங்களை இணையத்தில் ஏற்றும் எமிஸ் பதிவும் பார்க்கிறார். அவர் கூட்டத்துக்குப் போனால் ஐந்து வகுப்பும் ஒரே டீச்சர் தலையில். பக்கத்து டீச்சரின் வகுப்பில் உட்கார்ந்து பார்த்துப் பேசத் தலைமை ஆசிரியருக்கு ஏது நேரம்? நாலைந்து பள்ளிகளுக்குச் சேர்த்து ஓர் எழுத்தரையாவது போடுங்கள். அப்புறம், காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் பெற்றோருடன் தோட்டத்துக்குப் போய்விடும் பிள்ளைகளுக்கு, விட்ட பாடத்தை நடத்தத் தை மாதத்தில் தனியாக நேரம் ஒதுக்குங்கள்.