அப்பா கையில் ஒட்டிய சித்ரகுப்தன்

அசோகா அல்வா சாப்பிட்டதை அப்பா மறைக்கத்தான் பார்த்தார். போனை வீட்டிலேயே வைத்துவிட்டு, பாபநாசத்தில் பஸ் ஏறித் திருவையாறு போயிருக்கிறார். போன் பக்கத்தில் இல்லாவிட்டால் கையில் ஒட்டியிருக்கிற சுகர் சென்சார் யாரிடமும் கோள் சொல்ல முடியாது என்பது அவர் கணக்கு. சாயங்காலம் வந்து திண்ணையில் உட்கார்ந்து போனைக் கையில் எடுத்தார். அவ்வளவுதான், சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் அது மொத்தமாகக் கொட்டிவிட்டது. பதினொன்றரைக்கு சுகர் 140. பன்னிரண்டேகாலுக்கு 268. அக்கா போனுக்கும் அந்தக் கணக்கு போகும். ஐந்து நிமிடத்தில் சிங்கப்பூரிலிருந்து அவள் அழைப்பு: "அப்பா, மத்தியானம் எங்க போயிருந்தீங்க?"

எட்டு மணி நேரக் கணக்கை அந்த வில்லை தனக்குள்ளேயே வைத்திருக்கும் என்பது அப்பாவுக்குத் தெரியாது. எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும். "சித்ரகுப்தன்கூட ஆள் செத்த பிறகுதான்டா ஏட்டைப் பிரிப்பான்" என்றார்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வில்லை. மேல் கையின் பின்பக்கம் ஒட்டிக்கொள்ள வேண்டும். அதிலிருந்து முடி மாதிரி ஓர் இழை அரை சென்டிமீட்டர் தோலுக்குள் போய் நிற்கும். பதினான்கு நாள் வேலை செய்யும், பிறகு பிய்த்துப் போட வேண்டியதுதான். இழையில் பூசியிருக்கும் நொதி குளுக்கோஸோடு வினைபுரியும்போது உண்டாகும் சின்ன மின்னோட்டத்தை அளந்து சுகர் அளவைச் சொல்கிறது. நொதியை வைத்துக் குளுக்கோஸை அளக்கலாம் என்ற யோசனையை அமெரிக்காவில் லேலண்ட் கிளார்க் 1962லேயே சொல்லிவிட்டார். அது அப்பா கைக்கு வர அறுபது வருஷம் ஆகியிருக்கிறது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது அளப்பது ரத்தத்தை இல்லை, தோலுக்கடியில் செல்களுக்கு நடுவே இருக்கிற நீரை. ரத்தத்தில் சுகர் ஏறி அங்கே வந்து சேரச் சில நிமிடம் ஆகும். மேட்டூரைத் திறந்த அன்றைக்கே கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிடுமா? அதே கதைதான். அதனால் சுகர் வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் சென்சார் சொல்வதும் விரலில் குத்திப் பார்ப்பதும் ஒத்துப்போகாது. அக்காவுக்கு இதைப் புரியவைக்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

மூன்றாம் நாள் ராத்திரி அலாரம். இங்கே மணி மூன்று, அவளுக்கு ஐந்தரை. சுகர் ஆபத்தாக இறங்கி 54 என்று காட்டுகிறது. அவள் அங்கிருந்து கத்த, நான் ஓடிப்போய் அப்பாவை எழுப்பி விரலில் குத்திப் பார்த்தால் 92. ஒருக்களித்து, சென்சார் இருக்கிற கை மேலேயே படுத்திருக்கிறார். அழுத்தினால் அது குறைத்துக் காட்டும். அன்றைக்கு நானே அதைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்திருப்பேன்.

எறியாதது நல்லதாகப் போயிற்று. இரண்டு நாள் கழித்து மறுபடி அதே நேரம், 61. இந்தத் தடவை மல்லாந்துதான் படுத்திருந்தார். குத்திப் பார்த்தேன், 64. பனியன் நனைந்திருந்தது. கொஞ்ச நாளாகவே விடிகாலையில் வியர்த்துக் கொட்டுகிறது, தலை சுற்றுகிறது என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார். பித்தம் என்று சொல்லி இஞ்சி தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். காலையில் வெறும் வயிற்றில் குத்திப் பார்த்தால் 130 இருக்கும், அதனால் எல்லாம் சரி என்று நினைப்பு. அந்த 130க்கு முன்னால் மூன்று மணிக்கு ஒரு பள்ளம் இருந்தது காலைக் குத்தலில் எப்படித் தெரியும்? வரைபடத்தைப் பார்த்ததும் டாக்டர் ராத்திரி இன்சுலினைக் குறைத்தார். வியர்வை நின்றுவிட்டது.

அப்புறம் மாப்பிள்ளை சம்பா என்ற பாரம்பரிய நெல். இயற்கை விவசாய நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி நெல் ஜெயராமன் செய்த வேலை மேல் எனக்கு மதிப்பு உண்டு, எங்கள் வீட்டிலும் அரை மா அந்த நெல்தான். ஆனால் "இதில் சுகர் ஏறாது" என்று அப்பா தட்டு நிறையச் சாப்பிட்ட அன்றைக்குப் பொன்னிச் சோறு ஏற்றிய உயரத்துக்கே அதுவும் ஏற்றியது, என்ன, கொஞ்சம் நிதானமாக. இது ஒரு மனிதரின் ஒரு தட்டு, ஆராய்ச்சி இல்லை. இருந்தாலும் அன்றிலிருந்து அவர் ஒரு கரண்டி குறைத்துக்கொண்டார். எத்தனையோ வருஷம் டாக்டர் சொல்லி நடக்காதது.

இதையெல்லாம் பார்த்துவிட்டு என் மச்சான் ஒரு வாட்ச் வாங்கி வந்தான். குத்தல் இல்லை, கட்டினாலே சுகர் காட்டுமாம். அதை நான் சமையலுக்கு வைத்திருந்த வாழைத்தண்டில் கட்டினேன். 104. தண்டுக்கு சுகர் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. தோலைத் துளைக்காமல் தானே சுகர் அளக்கும் வாட்ச், மோதிரம் எதற்கும் அனுமதி தரவில்லை, நம்ப வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியிலேயே எச்சரித்திருக்கிறது. இதை நம்பி ஊசி அளவை மாற்றினால் உயிருக்கே ஆபத்து.

வியர்வையை அளக்கிற பட்டைகளும் வந்துகொண்டிருக்கின்றன. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2016லேயே வியர்வையில் சோடியம், பொட்டாசியம், குளுக்கோஸ் எல்லாம் பார்க்கிற பட்டை செய்து காட்டினார்கள். வியர்வையில் சுகர் ரத்தத்தில் இருப்பதைவிட மிக மிகக் குறைவு, அதனால் அந்தப் பக்கம் எனக்கு நம்பிக்கை இல்லை. உப்பு விஷயம் வேறு. ஆனியில் நாள் முழுக்கக் குனிந்து குறுவை நடவு செய்துவிட்டுக் கரையேறும் பெண்களின் ஜாக்கெட் முதுகில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். பட்டை கட்ட வேண்டியது அந்தக் கைகளில். ஜிம்முக்குப் போகிறவர்கள் அப்புறம் கட்டிக்கொள்ளலாம்.

நடவுக்கு வந்த ஓர் அம்மா அப்பாவின் கையைப் பார்த்துவிட்டு, "என்னங்கய்யா காசு ஒட்டியிருக்கு?" என்று கேட்டார். அவரும் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்தான். விலையைச் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருந்தது. எங்களுக்கு ஒன்று கிட்டத்தட்ட ஐயாயிரம் ஆனது, அவருக்குப் பத்து நாள் கூலிக்கு மேல். சுகர் இல்லாத பிள்ளைகள் நகரத்தில் இட்லி சாப்பிட்டால் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க இதை ஒட்டிக்கொள்கிறார்கள். ஏறும் தம்பி, சாப்பிட்டால் யாருக்கும் ஏறும், கணையம் நன்றாக இருந்தால் தானே இறங்கும். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டு வாசலுக்கே மாத்திரை வருகிறது. அந்தப் பையில், இன்சுலின் போடுகிறவர்களுக்கு மட்டும், வருஷத்துக்கு ஒரு தடவை பதினான்கு நாளைக்கு இந்த வில்லையையும் வைக்கலாம். வருஷம் பூராவும் ஒட்டிக்கொண்டு அலைய வேண்டும் என்று எல்லோருக்கும் நான் சொல்ல மாட்டேன். அப்பாவுக்கு அந்த இரண்டு வாரமே தாங்கவில்லை.

வாங்கிய இரண்டில் ஒன்று இன்னும் பீரோவில் இருக்கிறது. குறுவை அறுப்பு முடியட்டும், ஒட்டிக்கொள்கிறேன் என்கிறார். அறுப்புக்கும் இதற்கும் என்னப்பா சம்பந்தம் என்று கேட்டேன். நடுவில் ஆடிப்பெருக்கு வருகிறதாம்.