சான்றிதழ் சொல்வது வம்சாவளியை மட்டுமே

"கென்னல் கிளப் சான்றிதழ் உள்ள ராஜபாளையம் குட்டிக்கு நோயே வராது, காப்பகத்து நாய்களெல்லாம் நோயாளிகள்" என்று சிலர் சொல்வது தவறு. நாய் இனங்களைப் பதிவு செய்யும் அந்த அமைப்பின் சான்றிதழ் குட்டியின் வம்சாவளியைப் பதிவு செய்கிறதே தவிர, அதன் உடல்நலத்துக்கு உத்தரவாதம் தருவதில்லை. வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிட்டுத்தன்மையும் வரக்கூடிய இனம் இது என்பதால், குட்டி வேறு பக்கம் பார்த்திருக்கும்போது பின்னாலிருந்து கைதட்டி அது திரும்புகிறதா என்று பார்ப்பதும், தாய் நாயை நேரில் காட்டச் சொல்வதும் மிக அவசியம். 2017ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளின்படி, வளர்ப்பாளர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 8 வாரம் நிறையாத குட்டியை விற்கவும் கூடாது. பதிவைக் காட்டத் தயங்குபவரிடம் தயவுசெய்து வாங்காதீர்கள். காப்பகங்களில், உரிமையாளர் வீடு மாறியதால் கைவிடப்பட்ட ஆரோக்கியமான நாய்களும் உள்ளன. வளர்ந்த நாயின் குணத்தை முன்கூட்டியே அறிய முடிவது, என் பார்வையில், பெரிய அனுகூலம்.